அத்தியாயம் 5: மாருதி 800 எஞ்சினும் அதன் வாடிக்கையான கோளாறுகளும்

பழைய மாருதி 800 ஸ்டார்ட் ஆகவில்லை, இழுக்கவில்லை, மைலேஜ் தரவில்லை என்று எதைச் சொல்லிப் பட்டறைக்குப் போனாலும் ஸ்க்ரூட்ரைவர் முதலில் போய் நிற்கும் இடம் கார்புரேட்டர்தான். அந்த ஸ்க்ரூட்ரைவரைக் கொஞ்ச நேரம் தடுத்து வைப்பதே இந்த அத்தியாயத்தின் வேலை. கார்புரேட்டரின் தலையில் விழும் பழியில் பெரும்பங்கு பிளக்குக்கும் பாயின்டுக்கும் டேப்பட்டுக்கும், எங்கோ கிழிந்து கிடக்கும் ஒரு சின்ன ரப்பர் குழாய்க்கும் சேர வேண்டியது. அவற்றை வரிசையாகப் பார்த்து முடித்துவிட்டுக் கார்புரேட்டருக்கு வந்தால் போதும். சூடு ஏறும் கோளாறுக்கு மட்டும் இந்த நிதானம் ஆகாது. அதைத் தனியாகப் பார்ப்போம்.

எஞ்சினின் அமைப்பு

1983 டிசம்பர் 14 அன்று முதல் மாருதியின் சாவியை அதன் உரிமையாளரிடம் கொடுத்தவர் பிரதமர் இந்திரா காந்தி. உற்பத்தி நின்றது 2014 ஜனவரியில். இந்த முப்பது ஆண்டுகளில் உடல் மாறியது, விளக்கு மாறியது, டேஷ்போர்டு மாறியது. எஞ்சின் மட்டும் அடிப்படையில் அதே சுசூகி எஃப்8பி. ஆம்னி வேனில் இருப்பதும் இதுதான். அதில் முன் சீட்டுக்கு அடியில் நெடுக்காகப் படுத்திருக்கும், 800-இல் பானட்டுக்குள் குறுக்காக நிற்கும். சிலிண்டர் மூன்று. போர் 68.5 மி.மீ., ஸ்ட்ரோக் 72 மி.மீ. பெருக்கிப் பார்த்தால் 796 சி.சி. வருகிறது. சிலிண்டருக்கு ஓர் இன்லெட் வால்வு, ஓர் எக்ஸாஸ்ட் வால்வு. சக்தி 40 குதிரைக்குள்தான். ஆனால் வண்டியின் எடையே 650 கிலோ அளவுதான் என்பதால் அது போதுமானதாக இருந்தது.

அன்றைக்கு ரோட்டில் இருந்த அம்பாசிடர், பத்மினி எஞ்சின்களில் கேம் ஷாஃப்ட் பிளாக்குக்குள் கீழே இருக்கும், நீளமான புஷ்ராடு வால்வைத் தள்ளும். மாருதியில் கேம் மேலே ஹெட்டிலேயே இருக்கிறது. அதைச் சுழற்றுவது பல் வைத்த ஒரு ரப்பர் பெல்ட். இன்னொரு வித்தியாசம் அதைவிட முக்கியம். அம்பாசிடரின் ஹெட் வார்ப்பிரும்பு. மாருதியில் பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். ஒரே சூட்டுக்கு அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரிகிறது. அம்பாசிடரைக் கொதிக்கக் கொதிக்க ஓட்டி, வழியில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றி ஊர் போய்ச் சேர்ந்தே பழகிய கைகள் மாருதியிடமும் அதே உரிமையை எடுத்துக்கொண்டன. ஹெட் வளைந்தது, கேஸ்கெட் போனது, ‘மாருதி எஞ்சின் தாங்காது’ என்ற பெயரும் வந்தது. பழக்கிய விதம்தான் தவறு.

மூன்று சிலிண்டர் என்பதால் கிராங்க் 240 டிகிரி சுற்றும்போதெல்லாம் ஒரு வெடிப்பு, வரிசை 1-3-2. பெல்ட் பக்கம் இருப்பது முதல் சிலிண்டர். பிஸ்டன்கள் மேலும் கீழும் போகும் விசைகள் ஒன்றையொன்று சமன்செய்துவிடும். ஆனாலும் எஞ்சினின் ஒரு முனை எழும்ப மறுமுனை தாழும் ஆட்டம் மிஞ்சும். அதை அடக்கத் தனி பேலன்ஸ் ஷாஃப்ட் இதில் கிடையாது. அந்த ஆட்டத்தை வாங்கிக்கொள்வது எஞ்சின் மவுண்டிங் ரப்பர்கள். ஆகவே ஸ்லோவில் கியர் ராடு நடுங்குகிறது, கண்ணாடி அதிர்கிறது என்றால் எஞ்சினைச் சந்தேகிக்கும் முன் மவுண்டிங்கைப் பாருங்கள். பானட்டைத் திறந்து வைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பிடித்து, ஒருவர் முதல் கியரிலும் பிறகு ரிவர்ஸிலும் கிளட்சை லேசாக விட, இன்னொருவர் பக்கவாட்டில் நின்று பார்க்க வேண்டும். வண்டிக்கு நேர் முன்னால் நிற்கக் கூடாது. எஞ்சின் ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு எழுந்தால் அந்தப் பக்கத்து ரப்பர் கிழிந்திருக்கிறது.

மிஸ் அடிக்கிறதா?

மூன்றில் ஒன்று வேலை செய்யாவிட்டால் சக்தியில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். நான்கு சிலிண்டர் கார்போலச் சமாளித்து ஓடாது, காதிலேயே தெரிந்துவிடும். கோளாறு பார்ப்பவருக்கு இது ஒரு வசதி. எஞ்சின் ஸ்லோவில் ஓடும்போது, ரப்பர் பிடி போட்ட பிளையரால் பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டுங்கள். கழற்றியதும் ஓட்டம் இன்னும் மோசமானால் அந்த சிலிண்டர் வேலை செய்கிறது. எந்த ஒயரைக் கழற்றியும் எந்த மாற்றமும் இல்லையோ அதுதான் குற்றவாளி. எஞ்சினை நிறுத்திவிட்டு அதன் பிளக்கைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிப் போடுங்கள். மிஸ்ஸிங்கும் கூடவே நகர்ந்தால் பிளக். நகராவிட்டால் ஒயரை மாற்றிப் பாருங்கள். அப்போதும் அதே இடத்தில் நின்றால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடி அல்லது கம்ப்ரஷன். பெட்ரோல் மீது பழி போட இங்கே இடமே இல்லை. கார்புரேட்டர் மூன்று சிலிண்டருக்கும் பொதுவானது. அது கெட்டால் பெரும்பாலும் மூன்றும் சேர்ந்தே முரண்டு பிடிக்கும்.

மூன்று பிளக்கையும் கழற்றியதும் ஒரு செய்தித்தாள் விரித்து 1, 2, 3 என்ற வரிசையிலேயே வையுங்கள். முனை காபிப்பொடி நிறத்தில் இருந்தால் குறையில்லை. உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது. எண்ணெய்ப் பிசுக்கோடு ஈரமாக இருந்தால் வால்வு சீல் அல்லது ரிங். வெளுத்துப் போயிருந்தால் கலவையில் பெட்ரோல் குறைவு, அல்லது சூடு அதிகம். மற்ற இரண்டும் பழுப்பாக இருக்க, ஒன்று மட்டும் கழுவித் துடைத்ததுபோல் பளிச்சென்று இருந்தால் சந்தோஷப்பட வேண்டாம். அந்த சிலிண்டருக்குள் தண்ணீர் கசிகிறது. பிளக் இடைவெளி 0.7 முதல் 0.8 மி.மீ.

பழைய மாடல்களில் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயின்ட் உண்டு. அதன் இடைவெளி 0.4 முதல் 0.5 மி.மீ. இருக்க வேண்டும். பாயின்ட்டின் ஃபைபர் குதிகால் தேயத் தேய இடைவெளி சுருங்கும், கூடவே டைமிங்கும் பின்வாங்கும். வண்டி நின்றுவிடாது, இழுவை மட்டும் மெல்ல மெல்லக் குறையும், எஞ்சின் கொஞ்சம் கூடுதலாகச் சூடாகும், பெட்ரோல் செலவு ஏறும். இந்த மூன்றையும் ஒன்றாகக் கேட்டதும் ‘ஜெட் மாத்தணும் சார்’ என்பது பட்டறைப் பதில். பாயின்டைச் சரிசெய்து, டைமிங்கையும் லைட் போட்டுப் பார்த்த பிறகு அந்தப் பேச்சை எடுக்கச் சொல்லுங்கள். பாயின்ட் அடிக்கடி கருகி, ஒரு முகத்தில் குழியும் மறுமுகத்தில் மேடும் விழுந்தால் கண்டென்சரை மாற்றிவிடுங்கள்.

டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கத்தில் சட்டி போன்ற வேக்யூம் அட்வான்ஸ் இருக்கும். மூடியைக் கழற்றிவிட்டு, அதன் குழாயை வாயில் வைத்து உறிஞ்சினால் உள்ளே தட்டு நகர வேண்டும். நாக்கால் அடைத்தால் அப்படியே நிற்க வேண்டும். காற்று தாராளமாக வருகிறது என்றால் உள்ளே டயஃப்ரம் கிழிந்திருக்கிறது. மூடியையும் ரோட்டரையும் வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். முடி அளவு கருப்புக் கோடு ஓடினால் மின்சாரம் பிளக்குக்குப் போகாமல் அந்த வழியாகக் கசிகிறது என்று பொருள். ஐப்பசி மழைக் காலையில் மட்டும் ஸ்டார்ட் ஆகாத வண்டிகளில் பலவும் மூடியின் உட்புறத்தை உலர்ந்த துணியால் துடைத்ததும் கிளம்பிவிடும்.

காற்றுக் கசிவு

ஸ்லோ நிற்கவே மாட்டேன் என்கிறது, ஸ்க்ரூவை எவ்வளவு திருப்பினாலும் ஒன்று அணைகிறது அல்லது கத்துகிறது. கார்புரேட்டரைத் தாண்டிப் போய்க் கணக்கில் வராத காற்று எங்கோ நுழைகிறது. இன்டேக் மேனிஃபோல்டில் செருகியிருக்கும் ஒவ்வொரு ரப்பர் குழாயையும் பிளையரால் ஒரு நொடி நசுக்கிப் பாருங்கள். எதை நசுக்கும்போது ஓட்டம் சீராகிறதோ அந்த வழியில் கசிவு இருக்கிறது. குழாய்கள் நன்றாக இருந்தால் கார்புரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவில் உள்ள தடித்த இன்சுலேட்டரைச் சுற்றிச் சோப்புத் தண்ணீரைப் பிரஷ்ஷால் தடவுங்கள். கசியும் இடத்தில் நுரை உள்ளே இழுபடும். பெட்ரோலைத் தெளித்துப் பார்க்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. சூடான எக்ஸாஸ்ட்டுக்குப் பக்கத்தில் அந்த விளையாட்டு வேண்டாம்.

இப்போது கார்புரேட்டர்

இரண்டு குழல் கொண்டது. சாதாரண ஓட்டத்துக்கு முதல் குழல். மிதித்து ஓட்டும்போது இரண்டாவதும் திறக்கும். முதல் சோதனைக்குக் கருவியே வேண்டாம். ஏர் ஃபில்டர் மூடியைக் கழற்றி, சோக் கம்பியை முழுவதும் உள்ளே தள்ளிவிட்டு மேலிருந்து பாருங்கள். சோக் தகடு விளிம்பு மேல்நோக்கி நேர் செங்குத்தாக நிற்க வேண்டும். கேபிள் இறுகித் தகடு கால்வாசி சாய்ந்தே நின்றால் வண்டி எப்போதும் சோக் போட்டபடிதான் ஓடுகிறது. பிளக் கருப்பு, மைலேஜ் சரிவு, எக்ஸாஸ்ட் வாடை எல்லாவற்றுக்கும் காரணம் கிடைத்துவிட்டது. கேபிளுக்கு இரண்டு சொட்டு எண்ணெய், நட்டில் ஒரு திருகு. அடுத்து, எஞ்சினை நிறுத்திவிட்டு ஆக்சிலரேட்டரைக் கையால் சட்டென்று திறங்கள். குழலுக்குள் பெட்ரோல் ஒரு மெல்லிய கோடாகப் பீய்ச்ச வேண்டும். வெறுமனே வழிந்தாலோ வராவிட்டாலோ ஆக்சிலரேட்டர் பம்ப் டயஃப்ரம் போய்விட்டது. சிக்னலில் கிளம்பும்போது வண்டி ஒரு நொடி திக்கித் திணறுவது இதனால்தான்.

எஞ்சின் நின்ற பிறகும் குழலுக்குள் பெட்ரோல் சொட்டிக்கொண்டே இருந்தால் ஃப்ளோட் அறையின் நீடில் வால்வு மூடவில்லை. தூசு சிக்கியிருக்கலாம், நீடில் முனை தேய்ந்திருக்கலாம். பிந்தைய கார்புரேட்டர்களில் ஸ்லோ வழியைத் திறந்து மூட ஒரு சின்ன சோலினாய்டு உண்டு. அதன் ஒயர் கழன்றால் வண்டி மிதித்தால் ஓடும், காலை எடுத்ததும் அணையும். சாவியைத் திருப்பும்போது ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்கிறதா என்று பாருங்கள். இந்த ஒரு ஒயருக்காக முழுக் கார்புரேட்டரையும் பிரித்தவர்கள் உண்டு.

ஜெட்டைக் கம்பியால் குத்தக் கூடாது. பித்தளை, துளை பெரிதாகிவிடும். காற்றால் ஊதினால் போதும். மைலேஜுக்காகச் சிறிய ஜெட் போடும் யோசனையும் நல்லதல்ல. கலவை மெலிந்து எக்ஸாஸ்ட் வால்வு கருகும். மிச்சம் பிடித்த பெட்ரோல் காசு ஹெட் வேலைக்குப் போய்விடும். ஸ்லோ கலவையைப் புகைச் சோதனைக் கருவி வைத்துச் சரிசெய்வதே முறை. பாரத் ஸ்டேஜ் 2-க்கு முந்தைய பெட்ரோல் கார்களுக்கு ஸ்லோவில் கார்பன் மோனாக்சைடு வரம்பு 3 சதவீதம், பாரத் ஸ்டேஜ் 2, 3 கார்களுக்கு 0.5. பதினைந்து வருடம் தாண்டிய வண்டியைப் பதிவு புதுப்பிக்கக் கொண்டுபோகும் முன் இதைப் பார்த்து வைத்துக்கொண்டால் அலைச்சல் குறையும்.

சித்திரை வெயிலில் நெடுந்தூரம் ஓடி, டீக்கடையில் பத்து நிமிடம் நிறுத்திய வண்டி மறுபடி ஸ்டார்ட் ஆக மறுப்பது தனிக் கதை. எரிபொருள் பம்ப் ஹெட்டின் மேலேயே இருக்கிறது, கேம்தான் அதை அசைக்கிறது. எஞ்சின் நின்றதும் காற்றோட்டம் நிற்கிறது, ஹெட்டின் சூடு பம்புக்கும் கார்புரேட்டருக்கும் ஏறுகிறது, பெட்ரோல் ஆவியாகிறது. ஆக்சிலரேட்டரைப் பலமுறை மிதித்துப் பம்ப் செய்தால் இன்னும் கெடும். ஒரேயடியாக முழுவதும் மிதித்துப் பிடித்தபடி செல்ஃப் அடியுங்கள். வராவிட்டால் பம்பின் மேல் ஈரத்துணி போட்டுக் காத்திருங்கள். பம்புக்கு அடியிலும் கார்புரேட்டருக்கு அடியிலும் உள்ள இன்சுலேட்டர்களைத் தூக்கிப்போட்டுவிட்டு வெறும் கேஸ்கெட் வைத்துப் பூட்டியிருந்தால் இந்தத் தொல்லை ஒவ்வொரு கோடையிலும் வரும்.

எத்தனால் கலப்பையும் இங்கேயே சொல்லிவிடலாம். 20 சதவீத எத்தனால் பெட்ரோல் 2023 பிப்ரவரியில் பங்க்குகளுக்கு வரத் தொடங்கியது. இந்த எஞ்சினை வடிவமைத்த நாளில் அப்படி ஒன்று கணக்கிலேயே இல்லை. பழைய ரப்பர் குழாய்கள், பம்ப் டயஃப்ரம், கார்புரேட்டர் கேஸ்கெட் ஆகியவற்றை அது ஊறவைத்து இளக்கும். ஈரத்தையும் இழுக்கும், மாதக்கணக்கில் நிறுத்தி வைத்த வண்டியின் ஃப்ளோட் அறையில் வெள்ளைத் துரு படிவது அதனால். எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் பழைய ஜெட் அளவுக்குக் கலவை சற்று மெலியும். எத்தனாலே இல்லாத பெட்ரோலோடு ஒப்பிட்டால் மைலேஜ் கணக்குப்படி ஆறேழு சதவீதம் குறையத்தான் செய்யும். அதற்காகக் கார்புரேட்டரைத் திருக வேண்டியதில்லை. எரிபொருள் குழாய்கள் அனைத்தையும் எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றிவிடுங்கள். கசியும் குழாய்க்குக் கீழே எக்ஸாஸ்ட் இருக்கிறது என்பதை நினைத்தால் செலவு பெரிதாகத் தெரியாது.

டேப்பட்

குளிர்ந்த எஞ்சினில் இடைவெளி 0.15 மி.மீ. அளவில் இருக்கும், எக்ஸாஸ்ட்டுக்குச் சற்றுக் கூடுதல். உங்கள் மாடலின் சரியான எண்ணைச் சர்வீஸ் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். வைக்கும் முறை எளிது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றிவிட்டு, கிராங்கைக் கையால் சுற்றி, ரோட்டர் எந்தச் சிலிண்டரின் ஒயரை நோக்கி நிற்கிறதோ அந்தச் சிலிண்டரின் இரண்டு வால்வையும் சரிசெய்யுங்கள். அந்த நேரத்தில் இரண்டும் மூடியிருக்கும். ராக்கரைக் கையால் ஆட்டி லேசான ஆட்டம் இருப்பதை உறுதிசெய்துகொண்டு ஃபீலர் கேஜை நுழையுங்கள். லேசாகப் பிடித்து இழுபட வேண்டும். லாக் நட்டை இறுக்கும்போது ஸ்க்ரூவும் கூடவே திரும்பிவிடும், ஆகவே இறுக்கியபின் மறுபடி அளக்க வேண்டும். முக்கால்வாசிப் பேர் விடுவது இந்தக் கடைசி அளவைத்தான்.

டக்டக் என்று சத்தம் போடும் டேப்பட்டைவிடச் சத்தமே இல்லாத டேப்பட் ஆபத்தானது. எக்ஸாஸ்ட் வால்வு உட்காரும் இடம் தேயத் தேய வால்வு மேலேறி இடைவெளி சுருங்கும். கடைசியில் வால்வு முழுதாக மூடாது, நெருப்பு விளிம்பைத் தின்னும். கேஸ் போட்டு ஓட்டிய 800-களிலும் ஆம்னிகளிலும் இது சீக்கிரம் நடக்கும். அப்படிப்பட்ட வண்டிக்கு ஒவ்வொரு ஆயில் மாற்றத்தின்போதும் டேப்பட்டைப் பார்ப்பது மிகையல்ல.

ஆயில் எங்கே போகிறது?

கியர்பாக்ஸும் எஞ்சினும் சேரும் இடத்தில் ஆயில் வழிந்திருப்பதைப் பார்த்ததும் ‘பின் சீல் போச்சு, கியர்பாக்ஸ் இறக்கணும்’ என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். இறக்குவதற்கு முன் மேலே நிமிர்ந்து பாருங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் ஹெட்டின் அந்த முனையில்தான் தொங்குகிறது. அதன் ரப்பர் ஓ-ரிங்கோ அது அமர்ந்திருக்கும் கேஸின் கேஸ்கெட்டோ கசிந்தால் ஆயில் நேராகக் கீழே வழிந்து கிளட்ச் ஹவுசிங்கின் மேல் இறங்கும். வால்வு கவர் கேஸ்கெட்டும் இதே வேலையைச் செய்யும். எல்லாவற்றையும் டீசலால் கழுவித் துடைத்து, பதினைந்து நிமிடம் ஓட்டிவிட்டு டார்ச் அடித்து மேலிருந்து கீழாகப் பாருங்கள். ஈரம் எந்த உயரத்தில் தொடங்குகிறதோ அதுதான் கசிவிடம். ஓ-ரிங் விலைக்கும் கியர்பாக்ஸ் இறக்கும் கூலிக்கும் உள்ள தூரம் பெரிது.

பல இடங்களில் ஒரே நேரத்தில் ஆயில் கசியத் தொடங்கினால் வால்வு கவரிலிருந்து போகும் மூச்சுக்குழாய் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே அழுத்தம் கூடிச் சீல்களை வெளியே தள்ளும். நீலப் புகை காலையில் முதல் ஸ்டார்ட்டின்போது மட்டும் வந்து மறைந்தால் வால்வு ஸ்டெம் சீல் காய்ந்துவிட்டது; வயதான வண்டிக்கு அது இயல்பு, செலவும் குறைவு. மிதிக்கும்போதெல்லாம் புகை வந்தால் ரிங்.

சூடு

மேலே சொன்ன எந்தக் கோளாறோடும் வீடு வந்து சேரலாம். டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டால் மட்டும் அடுத்த பங்க் வரை, அடுத்த நிழல் வரை என்று போகவே கூடாது. ஓரம் கட்டி எஞ்சினை அணையுங்கள். ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள். மூடி பிடித்து வைத்திருக்கும் அழுத்தத்தில் உள்ளே தண்ணீர் 100 டிகிரி தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். திறந்த நொடியில் முகத்துக்குப் பாயும். மேல் ஹோஸைக் கையால் பிடிக்க முடியும் அளவுக்கு ஆறிய பிறகே மூடி, அதன் பிறகே தண்ணீர். கொதிக்கும் எஞ்சினில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் ஹெட் வளையும், விரிசலும் விடலாம்.

காரணம் தேடும்போது எளியதிலிருந்து தொடங்குங்கள். ஊருக்குள் நெரிசலில் மட்டும் சூடாகி நெடுஞ்சாலையில் சரியாகிவிடுகிறது என்றால் மின்விசிறி ஓடவில்லை. ரேடியேட்டர் ஃபேன் சுவிட்சின் இரண்டு ஒயரையும் ஒன்றாக இணைத்துப் பாருங்கள்; ஃபேன் ஓடினால் சுவிட்ச் கெட்டது, ஓடாவிட்டால் ஃபியூஸ் அல்லது மோட்டார். டேஷ்போர்டில் ஒரு தனி சுவிட்ச் வைத்து ஃபேனை நேரடியாக ஓட்டும் ஏற்பாட்டைப் பலர் செய்கிறார்கள். அவசரத்துக்குச் சரி. நிரந்தரமாக வைத்தால் ஒருநாள் மறப்பீர்கள். இதற்கு நேர்மாறாக, நெடுஞ்சாலையில் வேகம் பிடிக்கப் பிடிக்கத்தான் சூடு ஏறுகிறது என்றால் ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கிறது. போர் தண்ணீர் ஊற்றி ஓட்டிய வண்டியில் இது நிச்சயம். உப்பு படிந்து குழாய்கள் சுருங்கும், அலுமினிய ஹெட்டையும் அரிக்கும். வடித்த நீரில் கூலன்ட் கலந்து ஊற்றுங்கள். குளிர் நாட்டுக்குத்தான் கூலன்ட் என்பது பாதி உண்மை. நமக்கு அதன் பயன் துரு பிடிக்காமல் காப்பது. வாட்டர் பம்புக்கு அடியிலுள்ள சின்னத் துளையில் துரு நிறக் கறை தெரிந்தால் அதன் சீல் போய்விட்டது.

‘நம்ம ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதுக்கு?’ என்று கழற்றி வீசும் வழக்கம் இன்னும் இருக்கிறது. தெர்மோஸ்டாட் எஞ்சினைச் சூடாக்கும் பொருள் என்று நினைப்பதால் வரும் வினை. 82 டிகிரியை ஒட்டித் திறந்து, எஞ்சின் தன் வேலைச் சூட்டுக்குச் சீக்கிரம் வர அது உதவுகிறது. அது இல்லாத எஞ்சின் காலையில் வெகுநேரம் ஆறியபடியே ஓடும். பெட்ரோல் சரியாக ஆவியாகாமல் சிலிண்டர் சுவரைக் கழுவும், ரிங் தேயும், ஆயிலில் சேறு கட்டும். சந்தேகம் வந்தால் கழற்றி, வீட்டில் பாத்திரத்துத் தண்ணீரில் போட்டுக் கொதிக்க வைத்துப் பாருங்கள். திறந்தால் திரும்பப் போடுங்கள், திறக்காவிட்டால் புதிது.

ஹெட் கேஸ்கெட் போனதற்கு அடையாளங்கள்: வெளியே கசிவே இல்லாமல் தண்ணீர் குறைவது, ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்த ஒன்றிரண்டு நிமிடத்திலேயே ஹோஸ் கல்லாக இறுகுவது, மூடி திறந்த ரேடியேட்டரில் விடாமல் குமிழி வருவது, ஆயில் மூடிக்குள் பால் டீ நிறத்தில் பிசுக்கு. சிறுதூரம் மட்டுமே ஓடும் வண்டியில் மழைக்காலத்தில் மூடிக்குள் கொஞ்சம் வெளுத்த பிசுக்கு வருவது உண்டு, ஆகவே இதை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம். கம்ப்ரஷன் அளந்து பாருங்கள். பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டு மட்டும் சேர்ந்து இறங்கியிருந்தால் நடுவில் கேஸ்கெட் எரிந்திருக்கிறது.

ஹெட்டை இறக்கினால் கேஸ்கெட்டை மட்டும் மாற்றிப் பூட்ட விடாதீர்கள். ஹெட்டின் முகத்தில் நேர்விளிம்புச் சட்டம் வைத்து ஃபீலர் கேஜ் நுழைத்துப் பார்க்க வேண்டும், 0.05 மி.மீ. தகடு நுழைந்தால் லேத்துக்குப் போய் முகம் மட்டம் செய்ய வேண்டும். அளவுக்கு மேல் சீவினால் கம்ப்ரஷன் ஏறி, ஏற்றத்தில் எஞ்சின் கிணுகிணுக்கும். போல்ட்டுகளை நடுவிலிருந்து தொடங்கி வெளிப்புறமாக, இரண்டு மூன்று சுற்றாக, டார்க் ரென்ச் வைத்தே இறுக்க வேண்டும். ‘என் கைக்கே அளவு தெரியும்’ என்பவர் உண்மையிலேயே கைதேர்ந்தவராக இருக்கலாம். அலுமினிய ஹெட்டுக்கு அது போதாது.

டைமிங் பெல்ட்

சத்தம் போடாது, முன்னறிவிப்புத் தராது, ஒருநாள் அறும். 60,000 கி.மீ. அல்லது ஐந்து வருடம், எது முதலில் வருகிறதோ அதுதான் நான் சொல்லும் கணக்கு. பழைய வண்டி வாங்கியவர் முந்தைய ரசீது கையில் இல்லாவிட்டால் முதல் வாரத்திலேயே மாற்றிவிட வேண்டும். பெல்ட்டோடு டென்ஷனரையும், கேம், கிராங்க் முன் சீல்களையும் மாற்றுங்கள். ஆயில் பட்ட ரப்பர் வெகு சீக்கிரம் கெடும். ஓடும்போது எஞ்சின் சட்டென்று அணைந்து, செல்ஃப் அடித்தால் வழக்கத்தைவிட லேசாக, வேகமாகச் சுற்றுகிறது என்றால் பெல்ட் அறுந்திருக்கலாம். மறுபடி மறுபடி செல்ஃப் அடிக்காதீர்கள், தள்ளியும் ஸ்டார்ட் செய்யாதீர்கள். ஆயில் மூடியைத் திறந்து, ஒருவர் ஒரே ஒரு முறை செல்ஃப் தொட, உள்ளே ராக்கர் அசைகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். புது பெல்ட் போட்ட பிறகு கம்ப்ரஷன் அளந்த பின்பே எஞ்சினை ஓட்டுங்கள்.

பெல்ட் ஒரு பல் தள்ளிப் பூட்டப்பட்டிருந்தாலும் வண்டி ஸ்டார்ட் ஆகும், ஸ்லோவும் ஓரளவு நிற்கும். இழுவை மட்டும் இருக்காது. பெல்ட் மாற்றிய நாளிலிருந்துதான் மந்தம் என்றால் குறிகளை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்.

எம்.பி.எஃப்.ஐ. மாடல்கள்

2000-ஆம் ஆண்டையொட்டிக் கார்புரேட்டர் போய் இன்ஜெக்டர் வந்தது. அப்போது சிலகாலம் சிலிண்டருக்கு நான்கு வால்வும் ஐந்து கியரும் கொண்ட வகையும் விற்றது. அதன் ஹெட் வேறு, உதிரிபாகம் வாங்கும்போது கவனம். இவற்றில் சாவியைப் போட்டதும் டேங்குக்குள் பம்ப் இரண்டு நொடி முனகி நிற்க வேண்டும். முனகல் இல்லாவிட்டால் ரிலே, ஃபியூஸ், பம்ப் என்று அந்த வரிசையில் தேடுங்கள். ஸ்லோ ஏறி ஏறி இறங்கினால் த்ராட்டில் பாடியையும் அதன் ஸ்லோ வால்வையும் சுத்தம் செய்தாலே பெரும்பாலும் சரியாகும். சென்சார் மாற்றச் சொன்னால் முதலில் எஞ்சினின் எர்த் ஒயரைக் கழற்றித் தேய்த்து இறுக்கச் சொல்லுங்கள். பிளக் ஒயரைக் கழற்றிப் பார்க்கும் சோதனையை இவற்றில் நீட்டாதீர்கள்; எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும்.

எஞ்சின் இறக்குவது

மூன்று சிலிண்டரிலும் கம்ப்ரஷன் அளந்து, குறைந்த சிலிண்டருக்குள் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளந்து பார்க்காமல் எஞ்சின் வேலைக்குச் சம்மதிக்க வேண்டாம். ஆயில் விட்டதும் அளவு ஏறினால் ரிங், போர் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு; ஹெட் வேலையோடு முடியும். ரீபோர் என்று முடிவானால் பிஸ்டன் 0.25, 0.50 மி.மீ. பெரிய அளவுகளில் வாங்கலாம். முதலில் பிஸ்டன், பிறகு போர்: வாங்கிய பிஸ்டன் செட்டை லேத்துக்காரரிடம் கொடுத்து அதை அளந்து அதற்கேற்பப் போர் செய்யச் சொல்ல வேண்டும். ரிங் வாய்களை ஒரே நேர்கோட்டில் வைக்கக் கூடாது. கிராங்க் ஜர்னல்களையும் அப்போதே மைக்ரோமீட்டரில் அளந்துவிடுங்கள். இன்னொரு முறை இறக்கும் கூலி மிச்சம்.

வேலை முடிந்த எஞ்சினை முதல் முறை ஸ்டார்ட் செய்யும் முன் பிளக்குகளைக் கழற்றி வைத்துவிட்டு ஆயில் விளக்கு அணையும் வரை செல்ஃப் அடித்துச் சுற்ற வேண்டும். முதல் 1,000 கி.மீ. ஒரே வேகத்தில் நீளமாக ஓட்டாமல், ஏற்றி இறக்கி, பாரம் இல்லாமல் ஓட்டுங்கள். அது முடிந்ததும் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, டேப்பட்டை மறுபடி அளந்து, தண்ணீர் மட்டம் குறைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.